இருளில் பாடும் இருவர்

இரு ஆண்டுகளுக்கு முன்பு இறுதியாண்டு மாணவர் சிலருடன் அமர்ந்து பழைய கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்றைப் பார்த்தோம். படம் முடிந்து விளக்குகள் ஏற்றப்பட்ட பின்னரும் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவர், “ஐயா, அவன் செய்த பிரசங்கத்தில் பிழை எதுவும் இல்லையே” என்றார். அவர் குறிப்பிட்டது படத்தில் வரும் கொலைகாரனை. அவன் போதகர் உடையில் திரிபவன். அம்மாணவரின் சொல் அன்றிலிருந்து நம்மை விடவில்லை. இக்கட்டுரை அதிலிருந்து பிறந்தது.

இருண்ட படங்கள், கெட்ட கனவு போன்ற படங்கள், கல்லறையும் பாழ்மனையும் நிழலும் நிறைந்த ‘கோதிக்’ படங்கள் ஆகியவற்றின்பால் மக்கள் ஈர்க்கப்படுவது ஏன் என்பதே நம் கேள்வி. அது தீமையின்மேல் கொண்ட ஆசை என்று நம்மில் பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவ்விடை போதாது என்பது நம் கருத்து.

நள்ளிரவுச் சபை

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1970-ஆம் ஆண்டு டிசம்பரில், நியூயார்க்கில் இருந்த எல்ஜின் என்னும் திரையரங்கு, அலெஹாந்திரோ ஹொடரோவ்ஸ்கி இயக்கிய ‘எல் டோப்போ’ என்னும் படத்தை நள்ளிரவில் திரையிடத் தொடங்கியது. பெரிய விளம்பரம் ஏதுமின்றி, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டே கூட்டம் பெருகிற்று. அடுத்த ஆண்டின் நடுப்பகுதி வரை அக்காட்சிகள் நடைபெற்றன. 1977-இல் வெளிவந்த டேவிட் லிஞ்சின் ‘இரேசர்ஹெட்’ என்னும் படமும் இவ்வாறே நள்ளிரவுக் காட்சிகளில் தன் மக்களைத் தேடிக்கொண்டது. பார்த்தவர்களே மீண்டும் மீண்டும் வந்தனர். நண்பர்களையும் அழைத்து வந்தனர்.

இத்தகைய படங்களை ஆங்கிலத்தில் ‘கல்ட்’ படங்கள் என்பர். அச்சொல்லின் வேர் வழிபாடு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லாகும். குறித்த நேரத்தில் கூடுதல், ஒன்றையே திரும்பத் திரும்பக் காணுதல், புதியவரை அழைத்து வருதல் ஆகிய மூன்றும் ஒரு சபையின் அடையாளங்கள் என்பதை இறையியல் மாணவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆலயத்தில் கிடைக்காத ஏதோ ஒன்றைத் தேடியே சிலரேனும் அந்த நள்ளிரவுச் சபைக்குச் சென்றிருக்கக்கூடும்.

இருளைக் காட்டுகிறவன் இருளை நேசிக்கிறவன் என்னும் முடிவும் அவசரமானது. டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் டிரையர் 1932-இல் ‘வாம்பயர்’ என்னும் இரத்தக் காட்டேரிப் படத்தை எடுத்தார். அவரே 1955-இல் ‘ஓர்டெட்’ என்னும் படத்தில், இறந்த பெண்ணொருத்தி விசுவாசத்தின் வார்த்தையால் உயிர்பெற்று எழுவதைக் காட்டினார். அப்படத்தின் மூலநாடகத்தை எழுதிய காய் முங்க் ஒரு லூத்தரன் போதகர். 1944 ஜனவரியில் கெஸ்டாப்போவினரால் கொல்லப்பட்டவர். கல்லறையின் அச்சத்தையும் உயிர்த்தெழுதலின் வியப்பையும் ஒரே கலைஞரின் கை தீட்டியது.

தோல்வியுற்ற ஒரு படம்

நாம் மாணவருடன் பார்த்த படம், ‘ஓர்டெட்’ வெளிவந்த அதே 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி நைட் ஆஃப் தி ஹண்டர்’ என்பது. ‘வேடனின் இரவு’ என்று தமிழில் கூறலாம். புகழ்பெற்ற நடிகர் சார்லஸ் லாட்டன் இயக்கிய ஒரே திரைப்படம் இதுவே. வெளியானபோது படம் தோல்வியடைந்தது. 1962-இல் இறக்கும்வரை லாட்டன் வேறொரு படத்தை இயக்கவில்லை. ஆயினும் சிறுகச் சிறுகப் படம் தனக்கென ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. 1992-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பெற்றது.

கதை, டேவிஸ் கிரப் 1953-இல் வெளியிட்ட நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. நாவலுக்குத் தூண்டுகோலாய் இருந்தது ஓர் உண்மை நிகழ்ச்சி. கைம்பெண்களுக்குக் காதல் கடிதம் எழுதி நம்பவைத்துக் கொலை செய்த ஹாரி பவர்ஸ் என்பவன் 1932-இல் மேற்கு வர்ஜீனியாவில் தூக்கிலிடப்பட்டான். அவன் கைக்குப் பலியானவர்களில் மூவர் குழந்தைகள்.

படத்தில் அவன் ஹாரி பவல் என்னும் பெயரில் வருகிறான். ராபர்ட் மிச்சம் நடித்திருக்கிறார். காலம் 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலம். இடம் ஓஹையோ ஆற்றங்கரை. வறுமையால் கொள்ளையடித்து இருவரைக் கொன்ற பென் ஹார்ப்பர், தான் எடுத்த பத்தாயிரம் டாலரைத் தன் மகளின் பொம்மைக்குள் ஒளித்துவைத்து, அதை யாருக்கும் சொல்வதில்லை என்று பிள்ளைகளிடம் ஆணை வாங்கிக்கொண்டு சிறை செல்கிறான். சிறையில் உடன் இருக்கும் பவல், பணம் வீட்டில் இருப்பதை உணர்கிறான். ஹார்ப்பர் தூக்கிலிடப்பட்ட பின், விடுதலையான பவல் அந்தச் சிற்றூருக்கு வந்து அவன் மனைவி வில்லாவை மணக்கிறான். பின்னர் அவளைக் கொல்கிறான். சிறுவன் ஜானும் அவன் தங்கை பேர்லும் படகேறி ஆற்றின் வழியே தப்பி ஓடுகின்றனர்.

பிழையற்ற பிரசங்கம்

பவலின் வலக்கை விரல்களில் ‘அன்பு’ என்னும் பொருளுடைய ஆங்கில எழுத்துக்களும், இடக்கை விரல்களில் ‘வெறுப்பு’ என்னும் பொருளுடைய எழுத்துக்களும் பச்சை குத்தப்பட்டுள்ளன. இடக்கை காயீனின் கை என்று அவன் விளக்குகிறான். இரு கைகளையும் கோத்து மல்லுக்கு விடுகிறான். வெறுப்பு முதலில் வெல்வதுபோல் தோன்றி, இறுதியில் அன்பு வெல்கிறது. கேட்கும் ஐசி ஸ்பூன் என்னும் கடைக்கார அம்மாள் மெய்மறந்து போகிறார். வில்லாவை அவனுக்கு மணமுடிக்க முன்னிற்பவரும் அவரே.

மாணவர் சுட்டிக்காட்டியது இதைத்தான். அப்பிரசங்கத்தில் கள்ள உபதேசம் இல்லை. காயீனின் கதை திருமறையில் உள்ளது; அன்பு வெல்லும் என்பதும் நம் விசுவாசம். விளக்கம் தெளிவு, உவமை பொருத்தம், கேட்போர் உள்ளம் உருகுகிறது. பிரசங்கக்கலை வகுப்பில் நாம் மதிப்பெண் இடுவதாயின் அவனுக்கு முதல் வகுப்பே இட வேண்டியிருக்கும்.

படத்தின் தொடக்கத்திலேயே விண்மீன்களிடையே ஒரு மூதாட்டியின் முகம் தோன்றி, ஆட்டுத்தோல் போர்த்து வரும் ஓநாய்களைப் பற்றிய ஆண்டவரின் எச்சரிப்பைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது (மத். 7:15). அப்பகுதியில் ஆண்டவர் தரும் அளவுகோல் கனியேயன்றிச் சொல் அன்று. ஊர்ப் பெரியோர் சொல்லைக் கேட்டு மயங்கினர். சிறுவன் ஜானோ கைகளைப் பார்த்தான். படம் முழுவதிலும் பவலைத் தொடக்கம் முதலே ஐயுறுபவன் அச்சிறுவனே.

வில்லாவின் அழிவு இன்னும் நுட்பமாகக் காட்டப்படுகிறது. மணநாள் இரவில் பவல் அவளைக் கண்ணாடிமுன் நிறுத்தி, அவள் உடலையும் ஆசையையும் அருவருப்புக்குரியனவாகப் பேசுகிறான். அடுத்து நாம் அவளைக் காணும்போது, தீப்பந்தங்கள் எரியும் எழுப்புதல் கூட்டத்தில் தன் பாவத்தை அறிக்கையிட்டுக் கதறுகிறாள். அவளைக் கொல்லும் அறையின் கூரை, ஆலயக் கூரைபோல் இருபுறமும் சரிந்து உச்சியில் கூடுகிறது. ஒளிப்பதிவாளர் ஸ்டான்லி கோர்ட்டெஸ் அதன்மேல் பாய்ச்சிய ஒளி பலிபீடத்தை நினைவூட்டுகிறது. கத்தி எடுப்பதற்கு வெகு முன்னரே அவளைச் சொற்களால் கொன்றுவிட்டான் என்பது நமக்கு அப்போது விளங்குகிறது. குற்றவுணர்வைக் கருவியாகப் பயன்படுத்தும் போதனை எங்கே சென்று முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய அருளுரையை நாம் கேட்டதில்லை.

இப்படத்தில் குறை இல்லாமல் இல்லை. வில்லாவுக்கு எதிர்த்துப் பேசும் குரலே தரப்படவில்லை. நடிகை ஷெல்லி விண்டர்ஸின் முகம் சொல்வதைத் தவிர அவள் உள்ளம் நமக்குத் திறக்கப்படுவதில்லை. இறுதியில் வரும் கிறிஸ்துமஸ் காட்சியின் இனிமை, அதுவரை கண்டவற்றின் கசப்பைச் சுமக்கப் போதாது என்று கூறுவாரும் உளர். இவற்றை ஒப்புக்கொண்டே மேலே செல்கிறோம்.

விளக்கு வந்தபோது மறைந்தவன்

பிள்ளைகள் படகில் செல்லும் இரவு, திரைப்பட வரலாற்றில் தனி இடம் பெற்றது. படகு தொலைவில் மிதக்க, சிலந்தி வலையும் தவளையும் முயல்களும் நம் கண்ணருகே பெரிதாகத் தோன்றுகின்றன. இது மெய்யான ஆறு அன்று என்பது பார்ப்பவர்க்குத் தெரியும். ஆயினும் பிள்ளையின் அச்சத்திற்கு இதுவே மெய்யான ஆறு. கனவின் தருக்கத்தைக் கொண்டு உண்மையைச் சொல்லும் இம்முறையையே சர்ரியலிசம் என்கிறோம். தானியேலையும் எசேக்கியேலையும் வெளிப்படுத்தலையும் படிக்கும் நமக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

படகு கரை சேரும் இடத்தில் ரேச்சல் கூப்பர் என்னும் மூதாட்டி, கைவிடப்பட்ட பிள்ளைகளை எடுத்து வளர்த்து வருகிறார். தொடக்கத்தில் விண்மீன்களிடையே கண்ட முகம் அவருடையதே. மௌனப்படக் காலத்தில் புகழ்பெற்ற லில்லியன் கிஷ் இவ்வேடத்தில் நடித்திருக்கிறார். நாணல் கூடையில் மிதந்த மோசேயின் கதையையும், ஏரோதுக்குத் தப்பி ஓடிய குழந்தையின் கதையையும் அவர் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். நமக்கோ, தன் பிள்ளைகளுக்காகப் புலம்பிய ராகேலின் பெயர் (மத். 2:18) நினைவுக்கு வருகிறது. அந்த ராகேல் ஆறுதலை மறுத்தவள். இந்த ராகேல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருப்பவள்.

பவல் தேடி வந்துவிடுகிறான். இரவு. வேலிக்கு வெளியே அமர்ந்து, ஆண்டவரின் நித்திய புயங்களைப் பற்றிய (உபா. 33:27) ஒரு பாட்டைக் கணீரென்ற குரலில் பாடுகிறான். 1887-இல் வெளிவந்து உலகெங்கும் சபைகளில் பாடப்படும் பாட்டு அது. வீட்டினுள், விளக்கின்றி இருளில் அமர்ந்திருக்கும் ரேச்சல் சற்றுக் கேட்டிருந்துவிட்டுத் தாமும் உடன் பாடத் தொடங்குகிறார். அவன் பாடும் வரிகளில் இயேசுவின் பெயர் வருவதில்லை. அவர் பாடும் வரிகளில் அப்பெயர் வருகிறது. இரு குரல்களும் இசைந்து ஒலிக்கின்றன. ஒரே பாட்டு, ஒரே இராகம். பாடுவோர் நடுவே ஒரு சன்னல் வலையும், உள்ளே உறங்கும் பிள்ளைகளும்.

இங்கே ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. வீட்டிலுள்ள பெண்ணொருத்தி எரியும் மெழுகுதிரியுடன் அறைக்குள் வருகிறாள். அவ்வொளி வலைமீது பட்டவுடன் வெளியே ஒன்றும் தெரியாமற் போகிறது. ரேச்சல் விரைந்து சுடரை அணைக்கிறார். அதற்குள் வேடன் தன் இடத்தில் இல்லை.

திருமறை முழுவதும் ஒளியைப் போற்றுகிறது என்பது உண்மையே. ஆனால் வெளியே ஓநாய் இருக்கும் இரவில், உள்ளே ஏற்றப்படும் விளக்கு நம்மைக் குருடராக்கவும் கூடும். இருளைப் பார்க்க விரும்புகிறவர் சற்று நேரம் இருளில் அமரத்தான் வேண்டும். இருண்ட படங்களின் ஈர்ப்பு இதில்தான் இருக்கிறது என்பது நம் துணிபு. அங்கே யாரோ விளக்கை அணைத்து, வெளியே நிற்பது இன்னதென்று காட்டுகிறார்கள். பகலில் புன்னகை செய்யும் சமயத்தால் ஏமாற்றப்பட்டவர்களுக்கு அது பெரிய விடுதலையாகத் தோன்றுகிறது. தாங்கள் கண்ட ஓநாய் கற்பனை அன்று என்று அவர்களுக்கு உறுதி கிடைக்கிறது.

ராகேல் இல்லாத இரவு

இனி, மேலே குறித்த ‘இரேசர்ஹெட்’ படத்தை இதனுடன் ஒப்பிடுவோம். ஆலைகளின் இரைச்சல் ஓயாத ஒரு நகரில் ஹென்றி என்பவன் வாழ்கிறான். அவனுக்குப் பிறந்ததாகச் சொல்லப்படும் குழந்தை மனித உருவிலேயே இல்லை. தாய், அதன் அழுகையைத் தாங்காமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். நோயுற்ற குழந்தையுடன் தனித்து விடப்பட்ட அவன், இறுதியில் கத்தரிக்கோலால் அதைக் கொன்றுவிடுகிறான். இப்படத்தையே தம் படங்களுள் மிகவும் ஆன்மிகமானது என்று 2025-இல் மறைந்த லிஞ்ச் கூறிவந்தார். எடுக்கும் காலத்தில் பொருள் புரியாமல் தவித்தபோது திருமறையைத் திறந்து படித்ததாகவும், அதில் ஒரு வசனம் எல்லாவற்றையும் தெளிவாக்கியதாகவும் அவர் கூறியுள்ளார். அவ்வசனம் எது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

இப்படத்திலும் ஒரு பாட்டு உண்டு. அறையைச் சூடாக்கும் கருவிக்குள் ஒரு சிறு மேடை. அதில் கன்னங்கள் புடைத்த ஒரு பெண் நின்று, புன்னகையுடன் பரலோகத்தின் நலத்தைப் பாடுகிறாள். குழந்தையின் அழுகைக்கும் அப்பாட்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. குழந்தையைக் கொன்ற பிறகு ஹென்றி வெள்ளொளியில் அவளைத் தழுவிக்கொள்கிறான். பார்ப்பவர் இதனை மீட்பு என்பதா, இறுதி ஏமாற்று என்பதா என்று அறியாமல் திகைக்கின்றனர். நாம் அதை ஏமாற்று என்றே கொள்கிறோம். அழுகிற பிள்ளையை மறந்துவிட்டுப் பாடப்படும் பரலோகப் பாட்டு, எவ்வளவு இனிதாயினும், கத்தரிக்கோலுக்கு வழிவிடும் பாட்டாகும்.

இதை எழுதும்போது நம் முதல் சபையில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி காய்ச்சலில் இறந்துபோனாள். அடக்க ஆராதனையில் பரலோகத்தின் மகிமையைப் பற்றி நெடுநேரம் பேசினோம். ஒரு மாதம் கழித்து அவள் தாயைச் சந்தித்தபோது அவர் சொன்னார்: “ஐயா, நீங்க சொன்னது எல்லாம் சரிதான். ஆனா அன்னைக்கு என்னை அழ விடலையே.” நம் பிரசங்கத்திலும் பிழை எதுவும் இல்லை. பிழையற்ற பிரசங்கம் என்று மாணவர் சொன்னபோது நாம் அதிர்ந்ததற்குக் காரணம் இதுவே.

போதகருக்கு இதில் என்ன?

திருமறை இருளுக்கு அஞ்சாத நூல். 88-ஆம் சங்கீதம் நன்றியிலோ துதியிலோ முடிவதில்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள் என்பதுதான். நியாயாதிபதிகள் 19-ஆம் அதிகாரத்தைவிடக் கொடிய திகிற்கதையை எந்தத் திரைப்படமும் சொல்லிவிடவில்லை. யூதாஸ் புறப்பட்டுச் சென்ற வேளையை யோவான் குறிக்கும்போது, அது இராக்காலம் என்பதைச் சொல்லாமல் விடுவதில்லை (யோவா. 13:30). இப்பகுதிகளை நாம் எத்தனை முறை ஆலயத்தில் வாசித்தோம், எத்தனை முறை அவற்றின்மேல் பிரசங்கித்தோம் என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். நாம் கைவிட்ட பக்கங்களை மக்கள் வேறிடத்தில் படிக்கச் செல்கின்றனர். அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளும் தகுதி நமக்கு அதிகம் இல்லை.

எனினும் இருளைக் காட்டுவது மட்டும் போதும் என்று நாம் கூறவில்லை. இருளே பழகிப்போய், அதில் அழகை மட்டும் சுவைத்து நிற்கும் படங்களும் உள, சுவைப்பவரும் உளர். ஆகவே ஒரு திரனாய்வு அளவுகோல் நமக்கு வேண்டும். படத்தில் எவ்வளவு இரத்தம் சிந்தப்பட்டது என்பதைக் கணக்கிடுவது அளவுகோல் ஆகாது. அந்த இரவில் பிள்ளையின் அருகில் யாரேனும் விழித்திருக்கிறார்களா என்று கேட்பதே தக்க அளவுகோல். ‘வேடனின் இரவில்’ ஒருவர் விழித்திருக்கிறார். ‘இரேசர்ஹெட்’டில் ஒருவரும் இல்லை, அவ்வின்மையை நாம் உணர்ந்து வருந்தும்படி செய்வதால் அதுவும் ஒருவகையில் உண்மை பேசுகிறது. பிள்ளையை வெறும் பயமுறுத்தும் பொருளாக்கி, அதன் துன்பத்தை வேடிக்கையாக்கும் படம் எதுவோ, அதையே நாம் தள்ள வேண்டும்.

சபை இளைஞர் இத்தகைய படங்களைப் பார்ப்பதாகத் தெரியவரும்போது, தடை விதிப்பதற்குமுன் அவர்களுடன் ஒருமுறை அமர்ந்து பார்ப்பது நலம். இக்கேள்வியை அவர்களிடம் கேட்டால் அவர்கள் வாய் திறப்பார்கள். தாங்கள் கண்ட ஓநாய்களைப் பற்றியும் சிலர் சொல்லக்கூடும். அப்போது உடனே மெழுகுதிரியைக் கொண்டுபோக வேண்டாம். சற்றுக் கேட்டிருப்போம்.

பவலும் ரேச்சலும் பாடியது ஒரே பாட்டு. ஆலயத்துக்கு வெளியே நின்று கேட்பவருக்கு இருவரையும் பிரித்தறிவது கடினம். நம் உடை, நம் குரல், நம் உபதேசத்தின் நேர்மை ஆகியவை அவர்களுக்கு அத்தாட்சியாக மாட்டா. நம் அருகில் உறங்கும் பிள்ளைகள் அச்சமின்றி உறங்குகிறார்களா என்பதைக் கொண்டே அவர்கள் நம்மை அறிவார்கள். ஆண்டவரும் அவ்வாறே அறியும்படி சொல்லியிருக்கிறார்.